கமலாவுக்கு ஒரு டீஷர்ட்

மே 18, ஞாயிறு. செங்கல்பட்டு.

அடுத்த வாரம் குடும்பத்தோடு முதன்முறையாகத் தீம் பார்க் போகிறோம். திருப்போரூர் வழியாக வேனில் போவது, வெயில் ஏறுமுன் சேர்வது எல்லாம் என் திட்டம்தான். மற்றவர்கள் தண்ணீரில் விளையாடும்போது நானும் என் மனைவி கமலாவும் நிழலில் பைகளைப் பார்த்துக்கொள்வோம் என்றும் முடிவு செய்திருந்தேன். அவளைக் கேட்கவில்லை.

சேலையோடு தண்ணீரில் இறங்க அனுமதி இல்லை என்று மாலையில் மருமகள் சுதா பார்க்கின் விதிகளைப் படித்துச் சொன்னாள். உடனே கமலா, "அப்ப எனக்கும் ஒரு டீஷர்ட்டு, பேண்ட்டு வாங்கியாந்துடு. லூசா பாத்து எடு" என்றாள்.

"நீ எறங்கப் போறியா?" என்றேன்.

"பின்ன? மகாபலிபுரத்துல ஒருவாட்டியாவது முட்டிக்கு மேல நனைய வுட்டீங்களா? அலை இழுத்துக்கினு பூடும்னு கரைக்கு இஸ்துக்கினு வந்துடுவீங்க. இங்க இன்னா அலையா கீது?"

"அங்கேயும் மிஷின் வச்சு அலை வுடுவாங்களாம்" என்றேன். சுதா சிரித்துவிட்டாள்.

கமலாவுக்குத்தான் தண்ணீர் என்றால் பயம் என்று இத்தனை வருடம் நினைத்திருந்தேன். அவள் அப்படிச் சொன்னதாக நினைவில்லை. பயந்தது நான் மட்டும்தானா?

பிறகு கமலா, "உங்க இடுப்பு இன்னா அளவு? உங்களுக்கும் ஒண்ணு எடுக்கச் சொல்றேன்" என்றாள். பார்த்துச் சொல்கிறேன் என்று எழுந்து வந்துவிட்டேன்.

நான் இறங்காவிட்டால் அலை வரும்போது அவள் யார் கையைப் பிடிப்பாள்? இறங்கினால் நான் யார் கையைப் பிடிப்பது?

எல்லோரும் தூங்கியபின் அளந்து பார்த்தேன். முப்பத்தெட்டு. காலையில் அவள் மறுபடி கேட்டால் சொல்லிவிடலாம். கேட்காவிட்டால்?