பதினொரு கையெழுத்து

பகோலோட்,
மார்ச் 4, 2019

அன்புள்ள மனாங் சொகோரோ,

நலம்தானே, அக்கா? முட்டிவலி குறைந்ததா? போனில் பேசினால் உங்களுக்குத் திருப்தியாக இருக்காது என்பதால் கடிதமே எழுதுகிறேன். பல்கலைக்கழகத் தலைவர் அலுவலகத்துக்கு மாறி வந்து ஏழு மாதம் ஆகிறது. இன்னும் உங்கள் நூலகத்து மேசைதான் கனவில் வருகிறது.

ஓர் உதவி வேண்டும். பகோலோட்டிலும் இலோய்லோவிலும் உள்ள இரண்டு வளாக நூலகங்களையும் ஒன்றாக்கும் திட்டம் பேச்சில் இருக்கிறது. எதுவும் முடிவாகவில்லை. பதினைந்தாம் தேதி அதிகாரிகள் இலோய்லோவுக்கு வந்து உங்கள் கருத்தைக் கேட்பார்கள். நம் நூலகத்து ஆட்கள் வர மாட்டோம் என்பார்கள், அதிலும் அர்தெமியோ. நீங்கள் கூப்பிட்டால் வருவார்கள். பதினொரு பேரும் வந்துவிடுங்கள்.

என் பையன் ரென்ஸோ நர்சிங் மூன்றாம் ஆண்டு படிக்கிறான். ஞானத்தாய் உங்களைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னான்.

உங்கள் மரிவிக்

*

இலோய்லோ,
மார்ச் 17

என் செல்லத் தங்கச்சி, இண்டே,

எல்லோரையும் கூட்டிப் போனேன். நாற்பது நிமிடம் திட்டத்தைப் பற்றித் திரையில் படம் காட்டினார்கள். அர்தெமியோ கையைத் தூக்கினான். "கேள்வியெல்லாம் எழுதிக் குடுங்க, நேரமில்ல" என்றார் வந்தவர். பிறகு பான்சித் நூடுல்ஸ் கொடுத்தார்கள்.

"சாப்பாடு போடுறாங்கன்னா விஷயம் முடிஞ்சுபோச்சுன்னு அர்த்தம், மனாங்" என்று அவன் என் காதில் சொன்னான்.

"வாய மூடிட்டுத் தின்னுடா" என்று அதட்டினேன்.

வாசலில் வருகைத் தாள் வைத்திருந்தார்கள். கையெழுத்துப் போட எல்லோரும் தயங்கினார்கள். முதலில் நான் போட்டேன். அதைப் பார்த்து மற்றவர்களும் போட்டார்கள்.

எங்கள் கேள்விகள் பதினான்கு, இத்துடன் இருக்கின்றன. உன் கையாலேயே தலைவரிடம் கொடுத்துவிடு. நீ அங்கே இருக்கிறாய் என்பதுதான் எங்களுக்குத் தைரியம். வேலை வேலை என்று சாப்பிடாமல் இருக்காதே.

உன் மனாங்

*

இலோய்லோ,
ஏப்ரல் 11

மரிவிக்,

உன்னிடமிருந்து பதில் வரவில்லை. நேற்று பத்துப் பேருக்கு வேலைநீக்கக் கடிதம் வந்தது. எனக்கு வரவில்லை. ஏன் எனக்கு மட்டும் வரவில்லை என்று எல்லோர் கண்ணும் கேட்கிறது.

கடிதத்தோடு ஒரு நகலும் இருந்தது. 'ஊழியர்களைக் கலந்தாலோசித்தோம், அவர்கள் ஒப்புக்கொண்டார்கள்' என்று மேலே தலைப்பு. கீழே எங்கள் பதினொரு கையெழுத்து. நாங்கள் கையெழுத்துப் போட்டபோது அதில் 'வருகை' என்ற ஒரு சொல்தான் இருந்தது.

ஜோவலின் ஆறு மாதக் கர்ப்பிணி. புத்தக அடுக்குகளுக்கு நடுவே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "நான் வரலைன்னுதானே சொன்னேன், மனாங்? நீங்கதானே இழுத்துட்டுப் போனீங்க?" என்றாள். இருபத்தாறு வருடமாக எனக்கும் சேர்த்துக் காபி வாங்கி வரும் அர்தெமியோ இன்று ஒரே கோப்பையோடு வந்தான்.

இருபத்தாறாம் தேதி தொழிலாளர் அலுவலகத்தில் விசாரணை. அது வெறும் வருகைத் தாள், யாரும் எங்கள் சம்மதத்தைக் கேட்கவில்லை என்று ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பு. அது போதும்.

மனாங்

*

பகோலோட்,
ஏப்ரல் 16

மனாங்,

புனித வாரத்தில் இதை எழுத வேண்டியிருக்கிறது. அந்தத் தலைப்பைத் தட்டச்சு செய்தது நான்தான். திட்டம் ஜனவரியிலேயே முடிவாகிவிட்டது. உங்களைக் கூட்டி வரச் சொல்லி எழுதியபோது எனக்கு அது தெரியும்.

உங்கள் பெயரை மட்டும் பட்டியலிலிருந்து எடுக்கச் சொல்லி அழுதேன். எடுத்தார்கள். அதற்குமேல் வாயைத் திறக்கக் கூடாது என்றார்கள். ஊழியர் பிள்ளை என்பதால்தான் ரென்ஸோ இங்கே இலவசமாகப் படிக்கிறான். நான் அந்த ஒரு வரியை எழுதினால் மறுநாள் அவனும் வெளியே, நானும் வெளியே. உங்கள் கேள்விகளை யாரிடமும் கொடுக்கவில்லை. கொடுக்கப் பயமாக இருந்தது.

என்னால் முடியாது, மனாங். எவ்வளவு வேண்டுமானாலும் திட்டுங்கள். எழுதாமல் மட்டும் இருந்துவிடாதீர்கள்.

மரிவிக்

*

இலோய்லோ,
ஏப்ரல் 28

மரிவிக்,

விசாரணை முடிந்தது. யாரும் எங்களிடம் எதுவும் கேட்கவில்லை என்று எழுந்து நின்று சொன்னேன். பல்கலைக்கழக வக்கீல் மென்மையாகத்தான் கேட்டார்: "அப்போ இவங்களையெல்லாம் கூட்டிட்டு வரச் சொன்னது யாரும்மா?"

உன் பெயரைச் சொல்லியிருந்தால் உன்னை அழைத்து விசாரித்திருப்பார்கள். பத்துப் பேருக்கும் ஒரு வழி பிறந்திருக்கும். ஞானஸ்நானத்தன்று என் கையில் கிடந்து வீறிட்ட பிள்ளைதான் கண்முன் வந்தான். "நானாத்தான் கூட்டிட்டு வந்தேன்" என்றேன்.

கையெழுத்து உங்களுடையதுதானே என்று கேட்டு மனுவைத் தள்ளிவிட்டார்கள்.

வெளியே வந்ததும் அர்தெமியோ கேட்டான்: "யாரையோ காப்பாத்திட்டீங்க. நாங்க உங்களுக்கு யாருமே இல்லையா, மனாங்?"

அவன் கேட்டது சரி. நீ எனக்குச் செய்ததை நான் அவர்களுக்குச் செய்துவிட்டேன். அதனால் உன்னைத் திட்ட எனக்கு வாயில்லை. நேற்று என் ராஜினாமாவை எழுதிக் கொடுத்துவிட்டேன். பத்துப் பேரும் இல்லாத அறையில் என்னால் உட்கார முடியவில்லை.

ரென்ஸோவிடம் எதுவும் சொல்லாதே. அவன் படித்து முடிக்கட்டும்.

இனி எனக்கு எழுத வேண்டாம். நீ எழுதினால் நான் பதில் எழுதிவிடுவேன்.

சொகோரோ