குறையுரையைக் கூலிக்கு எழுதுவித்த மாணாக்கன் எயினன் பொருட்டு

நலம் நிறைக. எம் புகழ் பாடும் மெய்க்கீர்த்தியின்படி மூன்று கடல்களையும், உள்ளபடி ஓர் ஏரிக்கரையை மட்டும், அதுவும் கோடையில் மட்டும், காத்து வரும் நீர்மலை நாட்டு வேந்தன் செழுங்கோடன், பெருங்கல்விச்சாலைத் தலைவர் பொழிற்கீரனாருக்கு விடுக்கும் ஓலை. நும் சாலை தழைக்க. நும் மூட்டுவலி தணிக.

மாணாக்கன் எயினன் தன் குறையுரையைக் கூலிக்கு எழுதுவித்தமையால் அவனை நீக்க ஆணை வேண்டினீர். நடந்தது கேளும்.

கல்வி முடிப்போர் ஒவ்வொருவரும் வேந்தன்பால் தாம் கண்ட குறையை எழுதி, முடி கழற்றி அமர்ந்திருக்கும் அவன் முன் படித்தாக வேண்டும் என்பது நம் நாட்டு வழக்கம். பலரும் எம் குறை ஈகை மிகுதியே என்று எழுதுவர். யாமும் நாணுவதுபோல் நடிப்போம். எயினன் படித்ததோ வேறு: "வேந்தர் வேடிக்கை சொன்னால், அது முடியுமுன்பே அவை சிரித்துவிடுகிறது, அதன் முடிவைக் கேட்டவர் நாட்டில் ஒருவருமில்லை."

எம்மையும் ஒருவன் கவனித்திருக்கிறான் என்று மகிழ்ந்து, அவனை உணவுக்கு அழைத்து, அம்முடிவுகளுள் ஒன்றைச் சொல்லத் தொடங்கினோம். அவன் சோற்றைப் பிசைந்தபடியே அழுதுவிட்டான். "நான் எழுதலீங்க மன்னா. கடைத்தெரு அந்துவனார் எழுதிக் கொடுத்தது" என்றான்.

அந்துவனாரை வரவழைத்தோம். அவர் சற்றும் அஞ்சாது, "அயல்நாட்டுப் பிள்ளைங்களுக்கும் இதையேதான் எழுதித் தர்றேன் மன்னா. அரசர் பேரை மட்டும் மாத்துவேன். இதுவரைக்கும் எந்த அரசரும் இல்லைன்னு சொன்னதில்லை" என்றார்.

எயினனைக் கடிய வாய் திறந்தோம். அவனோ, "உங்க மெய்க்கீர்த்திய யார் எழுதினாங்க மன்னா?" என்று கேட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டான். அதனாலேயே இவ்வோலையை எழுத்தரிடம் விடாது யாமே கீறினோம். கோணல் பொறுத்தருள்க.

எனினும் கூலியுரை செல்லாது. அதில் எம்மைப் பற்றிச் சொன்ன யாவும் உண்மை. ஆனால் எம்மைக் கவனித்து அதைச் சொன்னவர் எவருமில்லை.

ஆகவே ஆணை: எயினனை நீக்கற்க, பட்டமும் தரற்க. அவன் தானே புதிதாய் எழுதுக. அது எத்துணை மோசமாயினும் இறுதிவரை கேட்போம். எழுத ஒன்றும் தோன்றாவிடில், அரண்மனைக்கு வந்து, வேண்டுமட்டும் எம்முடன் தங்கி, பார்த்து எழுதுக. குறைகள் கைவசம் நிறைய உள.

கீழே எருது முத்திரை இட்டோம். இதை ஆணையென்றே கொள்க. வேண்டுகோள்போல் தோன்றினால், பிறரிடம் சொல்லற்க.