உள்ளே வெள்ளையாக இருந்த மாம்பழம்

மாம்பழ வாசனை வருகிறது. கட்டிலுக்கடியில், அட்டைப்பெட்டிக்குள், பழைய சுடிதாரைச் சுற்றி வைத்தும் வருகிறது. அடுத்த அறையில் அப்பா. திண்டிவனத்தில் மாம்பழ மண்டி நடத்துகிறவருக்கு மூக்கே போதும். அவர் இருமும்போதெல்லாம் விளக்கை அணைத்துவிட்டு, மறுபடி போட்டு எழுதுகிறேன். எழுத்து கோணினால் திட்டாதே.

நாளை விழுப்புரத்தில் அறிவியல் கண்காட்சி. சார்ட்டில் உன் பெயரும் என் பெயரும் சேர்ந்தே இருக்கின்றன. அழிக்க வேண்டாம் என்று டீச்சர் சொல்லிவிட்டார். உன் அம்மாவையும் வரச் சொல்லியிருக்கிறார். அதுதான் பயம்.

பள்ளி திறந்த வாரம் இதைத் தொடங்கினோம். பாலிகலாக்டுரோனேஸ் என்ற நொதியின் பெயர் என் வாயில் நுழையவே இல்லை. நீ சிரித்தாய். "பேரை விடுடி, வேலையப் பாரு." பொரி உருண்டை ஒன்றை எடுத்து என் முகத்துக்கு நேரே நீட்டினாய்.

"பொரிதான் காயோட செல்லு. ஒட்டிக்கினு இருக்கிற பாகு, பெக்டின். பழுக்கிற நேரத்துல எத்திலீன் வாயு வந்து, தூங்கிக்கினு இருக்கிற ஜீனை எழுப்பும். ஜீன் நொதிய உண்டாக்கும். நொதி பாகைக் கரைக்கும். காய் மெத்துனு ஆயிடும். அவ்ளோதான்."

"எங்க, எனக்குக் காட்டு" என்று கேட்பதற்குள் உருண்டையை முழுசாகத் தின்றுவிட்டாய். "செய்முறை முடிஞ்சிடுச்சி."

ஒரு நீலம் மாங்காயை, பழுத்த வாழைப்பழத்தோடு அரிசிக்குள் புதைத்தோம். இன்னொன்றுக்கு, மண்டியிலிருந்து நான் திருடி வந்த, காயைப் பழுக்க வைக்கிற கார்பைட் கல். கல் வைத்ததுதான் முதலில் மஞ்சளானது. அறுத்தால் உள்ளே வெள்ளை. கத்தி நறுக்கென்று இறங்கியது. கல்லிலிருந்து வருவது எத்திலீன் மாதிரி நடிக்கிற வேறொரு வாயு என்று படித்துக் காட்டினாய்.

"தோலுதான் ஏமாந்திருக்குடி. உள்ள ஒண்ணும் முழிக்கல. உங்கப்பா கிட்ட சொல்லுவியா?"

நான் ஜன்னலைப் பார்த்தேன்.

அடுத்த வாரம் உனக்குக் காய்ச்சல். முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார்கள். நான்கு நாள். அவ்வளவுதான்.

கருமாதிக்கு அப்பா ஒரு பை நிறைய மாம்பழம் எடுத்து வந்தார். "புள்ளைக்கு மாம்பழம்னா உசுரு" என்று அவரே படையலில் அடுக்கினார். கண் கலங்கியிருந்தது. நடிப்பில்லை. பொன் நிறம், ஒரு புள்ளி கிடையாது. உன் அம்மா ஒன்றை அறுத்தார். வெள்ளை. இன்னொன்றும் வெள்ளை. கத்தியைக் கீழே போட்டுவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார்.

"எம் பொண்ணு ஏத்துக்கலியே! ஜல்தியா ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கினு போயிருக்கணும். எம் மேல கோவமா இருக்கா."

அது கல் வைத்த பழம் என்று எனக்குத் தெரியும். அந்தக் கூட்டத்தில் எனக்கும் அப்பாவுக்கும் மட்டும்தான் தெரியும். அப்பா தரையைப் பார்த்தார். நான் அப்பாவைப் பார்த்தேன். இரண்டு பேரும் வாயைத் திறக்கவில்லை. உன் அம்மா இன்றும் மாம்பழத்தைத் தொடுவதில்லையாம்.

இந்த வாரம் அரிசிக்கு ஒரு பெட்டி, கல்லுக்கு ஒரு பெட்டி என்று மறுபடி காய் வைத்தேன். நாளை உன் அம்மா முன்னால் இரண்டையும் அறுக்க வேண்டும். கல் வைக்கக் கூடாது என்பது சட்டம். கல் எங்கிருந்து வந்தது என்று யாராவது கேட்டால்? அப்பாவைப் பிடித்துக்கொண்டு போனால்? மண்டியை மூடிவிட்டால்…

பாதியில் நிறுத்தினேன். விளக்கை அணைக்க நேரம் கிடைக்கவில்லை. கதவருகே அப்பா நின்றார்.

"பாப்பா, எங்கியோ நீலம் பழுத்திருக்கு."

நான் நோட்டின் மேல் கவிழ்ந்துகொண்டேன்.

"நம்ம மண்டிப் பழம் இல்ல. இது தானா பழுத்தது." கட்டில் பக்கம் ஒருமுறை பார்த்தார். "அந்தம்மா நாளைக்கு வர்றாங்களா?"

"வர்றாங்கப்பா."

 போய்ப் படுத்துவிட்டார். இருமல் சத்தம் கேட்கவில்லை. அவரும் தூங்கவில்லை போல.

பெட்டியைத் திறந்து அரிசிப் பழத்தை அழுத்திப் பார்த்தேன். விரல் மெல்ல உள்ளே போனது. கல் பழம் கல்லாகவே இருக்கிறது. இரண்டையும் பையில் வைத்துவிட்டேன், கத்தியையும். மேசைக்கு யாரும் வருமுன் உன் அம்மாவைத் தனியாக அழைத்து, பழம் வெள்ளையாக இருந்தது உன் கோபத்தால் இல்லை, எங்கள் கல்லால் என்று சொல்வேன். அப்போது நொதியின் பெயர் வாயில் வராமல் போகலாம். பேரை விட்டுவிடுகிறேன். வேலையைச் சொல்லிவிடுகிறேன்.