ஆணியில்லாத பெட்டி

அக்கா, உன் வெள்ளிக் கொலுசை நான் எடுத்துக்கொண்டு போலியை வைத்துவிட்டேன் என்று குப்பத்து நடுவில் நீ சொன்னது அநியாயம். நீ கண்ணை மூடி ஒரு மழைக்காலம் ஆகிவிட்டது. ஆனாலும் இதைத்தான் முதலில் எழுதுவேன்.

உன் பெட்டி இப்போது என் மடியில் இருக்கிறது. நேற்று உன் மகள் கொண்டுவந்தாள். "சித்தி, இது இன்னா பெட்டின்னே தெரில. பொன்னேரிலேர்ந்து பழைய சாமான்காரன் வர்றான், கேப்பான்" என்றாள். மூன்று நாளாக மழை. வீட்டில் கதவு, கட்டில் எல்லாம் காய்ந்திருக்க, இது மட்டும் வியர்க்கிறது. விரலால் துடைத்து நாக்கில் வைத்தேன். கரித்தது.

மாமியார் இதை உன்னிடம் கொடுத்த அன்று நான் அடுப்படியில் மீன் ஆய்ந்துகொண்டிருந்தேன். மூத்த மருமகளுக்குத்தான் என்றார். "நகைப்பெட்டிடி, பாரு" என்று என் முகத்துக்கு நேரே திறந்து திறந்து மூடினாய். இறால் கொம்பு குத்திய விரல் போல அது எனக்கு உள்ளுக்குள் கடுத்துக்கொண்டே இருந்தது.

அடுத்த மழைக்கு, அதில் நீ போட்டு வைத்த கொலுசு கறுத்தது.

"என் வெள்ளிய இன்னாடி பண்ண?"

"நான் தொடவேயில்லக்கா."

"தொடாமயே கறுத்துச்சா? கண்ணு வெச்சே கருக்கிட்டியா?"

எல்லோரும் சிரித்தார்கள். உன் வீட்டுக்காரரும் சிரித்தார். கண் வைத்தது உண்மை அக்கா. கை வைக்கவில்லை. நீ அந்தக் கொலுசைத் தேய்த்துக்கூடப் பார்க்காமல், சாட்சிக்கு வேண்டுமென்று துணியில் முடிந்து வைத்தாய். நானும் உன்னோடு பேச்சை நிறுத்தினேன்.

பெட்டியைப் புரட்டிப் பார்த்தேன். ஓர் ஆணி கிடையாது. மூடி திரும்புவதுகூட மரக்குச்சியில்தான். பின்பலகையில் சுவரில் மாட்ட ஒரு துளை. இரும்பை அரிக்கிற ஒன்றுக்காகச் செய்தது. இது அடுப்போரம் தொங்கிய உப்புப்பெட்டி. மரம் குடித்திருந்த உப்புதான் உன் கொலுசைத் தின்றது. உப்புப்பெட்டி என்றால் சமைக்கிறவளுக்குத்தானே வரவேண்டும்? சமைத்தது நான். அது தெரிந்த பிறகு எனக்குப் பொறாமை கூடித்தான் இருக்கிறது.

சாமான்காரனை உன் மகள் திருப்பி அனுப்ப வேண்டும். என் அடுப்புக்குப் பக்கத்தில் உன் வீட்டுக்காரர் மரமுளை ஒன்று அடித்துத் தர வேண்டும். உப்பு நிரப்புவது என் வேலை. முடிச்சை அவிழ்த்துக் கொலுசைத் திருநீறு போட்டுத் தேய்க்க வேண்டியது உன் மகள். அது வெளுத்து வருவதைப் பார்க்க வேண்டியது நீ.