மேலேறிய டம்ளர்

பதிவு 1. திங்கள், மாலை 5:10
இடம்: மருதம் விண்வெளிச் சுழல்நிலையம், மூன்றாம் வளையம், எங்கள் வீட்டுச் சமையலறை.
பதிபவர்: செம்மலர், ஒன்பதாம் வகுப்பு.

வீட்டுப் பொருள்களைக் கொண்டு செய்யும் இயற்பியல் போட்டி. தேவையானவை: ரப்பர் பேண்டு, எவர்சில்வர் டம்ளர், அரிசி. ரப்பரை அலமாரிக் கொக்கியில் மாட்டி, அரிசி நிரப்பிய டம்ளரைத் தொங்கவிட்டேன். டம்ளரின் அடி நின்ற இடத்தில் கதவில் பென்சில் கோடு போட்டேன். எடை மாறாதவரை டம்ளரும் கோட்டிலேயே நிற்க வேண்டும்.

முதல் பரிசு: பூமிக்குப் போகும் கப்பலில் ஓர் இடம். நான் கடலைப் பார்த்ததில்லை.

அடுத்த வீட்டு நப்பின்னையும் இதே சோதனையைத்தான் செய்கிறாள். அவள் கோட்டை வண்ணப் பென்சிலில் போட்டிருப்பாள். பெனிட்டா மிஸ் அதற்கே மயங்கிவிடுவார்.

பதிவு 2. செவ்வாய், மாலை 5:05
டம்ளர் கோட்டுக்கு மேலே நிற்கிறது. அரை விரற்கடை. மிஸ்ஸுக்குத் தெரிவித்தேன்.

மிஸ்ஸின் குரல் செய்தி: "செம்மலர், அம்மா அரிசியை எடுத்து உலையில போட்டுட்டாங்களான்னு பாரும்மா. நப்பின்னைக்குக் கோடு அசையவே இல்ல."

நப்பின்னையின் செய்தி: "என்னடி, உன் டம்ளருக்கு ரெக்கை மொளைச்சிருக்காமே?"

வகுப்பில் எல்லோரும் சிரித்திருப்பார்கள். அவளுக்கு மட்டும் எப்படி எல்லாம் சரியாக வருகிறது?

பதிவு 3. புதன், மாலை 5:20
ஒரு விரற்கடைக்கு மேல் ஏறிவிட்டது. அரிசியைத் தராசில் படிக்கல் வைத்து நிறுத்தேன். குறையவில்லை. ரப்பர் தளர்ந்திருந்தால் டம்ளர் கீழே இறங்கியிருக்கும். புது ரப்பரிலும் டம்ளர் அதே உயரத்தில்தான் நிற்கிறது.

மூட்டுவலி போய்விட்டதாக அம்மா புதுத் தைலத்தைப் புகழ்கிறார். தைலம் இல்லை, அம்மா. நிலையம் சுழல்வதால்தான் இங்கே நமக்கு எடை. படிக்கல்லும் அரிசியும் சேர்ந்தே லேசானால் தராசுக்குத் தெரியாது, ரப்பருக்குத் தெரியும். வளையத்தின் வேகம் குறைகிறது. அச்சில் ஏதோ உரசுகிறது.

மிஸ்: "சுழற்சி மானி சரியாத்தான் காட்டுது. நீங்க ரெண்டு பேரும் ஒரே வளையம். நப்பின்னைக்கும் இதே வந்தா சொல்லு, கட்டுப்பாட்டு அறைக்கு நானே எழுதறேன்."

நப்பின்னை. எதற்கெடுத்தாலும் நப்பின்னை.

பதிவு 4. வியாழன், மாலை 4:50
இன்று கடைசி நாள். இரண்டு விரற்கடை. எழுதி அனுப்பினால் மறுபடி சிரிப்பார்கள், கப்பலில் அவள் போவாள். அனுப்பியது: "கோட்டில் மாற்றம் இல்லை. முந்தைய அளவுகள் என் தவறு."

மிஸ்: "இப்பத்தான் சரியா வந்திருக்கு!"

அவளுக்குக் கிடைக்கும் பாராட்டு எனக்கும் கிடைத்துவிட்டது. ஆனால் டம்ளர் இன்னும் கோட்டுக்கு மேலேதான்.

பதிவு 5. வெள்ளி, காலை 7:15
நப்பின்னையிடமிருந்து ஆறு செய்திகள். பரிசு அறிவித்திருப்பார்கள். அவள் பெருமையைக் கேட்க எனக்குப் பொறுமை இல்லை. திறக்கவில்லை.

பதிவு 6. வெள்ளி, காலை 10:40
டம்ளர் சாய்ந்து தொங்குகிறது. நேர்க்குத்தாக இல்லை. வளையத்தை ஏதோ இழுத்துப் பிடிக்கிறது. தரைக்கு அடியில் இரும்பு அரைபடும் சத்தம்.

செய்திகளைத் திறந்தேன்.

"செம்மலர், எனக்கும் முதல் நாள்லேந்து ஏறிக்கிட்டேதான்டி இருந்துச்சு. தப்பா செஞ்சுட்டேனோன்னு பயந்து, மாறலன்னு எழுதிட்டேன்."

"மிஸ்கிட்ட உண்மைய சொல்லிட்டேன். நீ சொன்னதுதான் சரின்னேன்."

"அவளே மாத்தி எழுதிட்டாளே, உனக்கென்னன்னு கேக்கறாங்க. ஏன்டி மாத்துன?"

"நீ ஒரு வார்த்தை சொன்னா போதும். கட்டுப்பாட்டு அறைக்கு எழுதிடுவாங்க."

"பதில் சொல்லுடி."

"கோவமா இருந்தாலும் பரவால்ல, பதில் சொல்லு."

ஏழே காலிலிருந்து இது என் கையிலேயே இருந்திருக்கிறது.

பதிவு 7. 10:52
மிஸ்ஸுக்கு அனுப்பினேன். போகவில்லை. மறுபடி அனுப்பினேன். இணைப்பு இல்லை. அம்மா கதவைத் தட்டி அடுத்த வீட்டுக்காரர்களை அழைக்கிறார். சுவருக்கு அந்தப் பக்கம் நப்பின்னை என் பெயரைச் சொல்லிக் கத்துகிறாள். நானும் கத்தினேன். கேட்டதா தெரியவில்லை.

பதிவு 8
விளக்கு போய்விட்டது. இதைக் கண்டெடுப்பவருக்கு: முதலில் சொன்னவள் நான். நான் சொன்னதற்காக நின்றவள் நப்பின்னை. இப்போதும் எனக்குப் பொறாமையாகத்தான் இருக்கிறது. பரிசை நீங்கள் யாருக்கு