முன்மொழிந்தவர்

செவ்வாய்க்கிழமை.

எங்கட சங்கத்துக்கு வரிவிலக்குக் கேட்டு நான் அனுப்பின கூட்ட அறிக்கையை வைச்சுக்கொண்டு வரி அதிகாரி இண்டைக்கு ஃபோன் எடுத்தார்.

"தீர்மானத்தை முன்மொழிஞ்ச வேலாயுதம் எங்க இருக்கார்?"

கூட்டம் உண்மையாத்தான் நடந்தது. ஆனா அறிக்கையை வழக்கம்போல போன வருஷத்து அறிக்கையைப் பார்த்தே எழுதிப்போட்டன். முன்மொழிஞ்சது இந்தமுறையும் வேலாயுதம் அண்ணன். அவர் கூட்டத்துக்கு ரெண்டு மாசம் முந்தியே மோசம் போயிட்டார். செத்தவீட்டுக்கும் முப்பத்தோராம் நாள் சாப்பாட்டுக்கும் போனனே, எப்படி மறந்தன்? இனி அறிக்கையில மற்றதெல்லாம் உண்மையெண்டு ஆர் நம்புவாங்க?

"ஆரையம்பதியிலதான், ஐயா" எண்டு சொல்லிட்டன்.

"நல்லம். நாளைக்கு ஒன்பது மணிக்கு அவரையும் கூட்டிக்கொண்டு வாங்க."

நான் ஓம் எண்டன்.