நாற்பது பெருவிரல்கள்

மகளின் அப்பாவுக்கு,

பாறசாலையில் பிரசவ நிலையம் கட்டப் பணம் கேட்டிருந்தோமே, அந்தப் பம்பாய் அறக்கட்டளை அதிகாரி நேற்று வந்தார். ஊர்ப் பெண்களின் சம்மதத் தாள்களைக் கேட்டார். குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு செங்கல் கிராமம்வரை நடந்து, நாற்பது பேரிடம் நான் பெருவிரல் ரேகை வாங்கிய தாள்கள். பெட்டியில் இல்லை.

உங்கள் தம்பிதான் பெருமையாகச் சொன்னார்: "அது நம்ம தாலுகாவ மதராசோட சேக்கச் சொல்லுற மனுவில இருக்காக்கும். அண்ணன் கொண்டுபோயாச்சு."

"அரசியலுக்கு நாங்கள் பணம் தருவதில்லை" என்று அதிகாரி எழுந்துவிட்டார்.

எட்டு மாதக் கர்ப்பிணி விலாசினி கேட்டாள்: "நான் பேறுகாலத்துக்காக்கும் விரல் வச்சேன். உனக்க மாப்பிள்ளைக்க எல்லைக்கா?"

எல்லை மாற எனக்கும் ஆசைதான். கேட்டால் தரமாட்டேன் என்று தெரிந்துதானே கேட்காமல் எடுத்தீர்கள்?

அதிகாரியிடம் ஒரு மாதத் தவணை கெஞ்சி வாங்கியிருக்கிறேன். நாளை மறுபடி வீடு வீடாகப் போவேன். புதுத் தாள்கள் என் அம்மா வீட்டில் இருக்கும். மகளும் நானும் அங்கேதான்.

அவளுடைய அம்மா